பச்சையெல்லாம் காடல்ல

1838ஆம் ஆண்டு வில்லியம் ஓகில்பி என்ற அயர்லாந்து விலங்கியலாளர், தென்னிந்திய மலைகளில் வாழும் ஒரு விலங்குக்கு அறிவியல் பெயர் சூட்டினார். மெட்ராஸ் மாகாணத்து வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அதைக் காட்டுச் செம்மறி என்று சொல்லிவந்தார்கள். அவரும் ஏறக்குறைய அதே பொருள் தரும் ‘ஹைலோக்ரியஸ்’ என்ற கிரேக்கச் சொல்லையே வைத்தார். காட்டுக் கடா என்று அர்த்தம். அந்தப் பெயரில் பாதி சரி, பாதி பிழை. செம்மறிக் கடா என்றது எவ்வளவு சரி என்பது 2005இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வில்தான் தெரிந்தது. அதுவரை இமயமலையின் தார் ஆட்டோடும் அரேபியாவின் தார் ஆட்டோடும் ஒரே பேரினத்தில் வைத்திருந்த இந்த விலங்கு, வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று அந்த ஆய்வு காட்டியது. அதன்பின் ‘நீலகிரிட்ராகஸ்’ என்ற தனிப் பேரினமே அதற்காக உண்டாயிற்று. அந்தப் பேரினத்தில் வேறொரு இனம் கிடையாது. பிழையானது ‘காடு’ என்ற பாதிதான். இந்த விலங்கு காட்டுக்குள் வாழ்வதில்லை. தமிழில் அதன் பெயர் வரையாடு. வரை என்றால் மலை; செங்குத்தாக நிற்கும் மலைப்பக்கத்தையும் அந்தச் சொல் குறிக்கும். சங்கப் பாடல்கள் வருடை என்று சொல்வதும் இந்த விலங்கைத்தான் என்று கொள்வார்கள். இரண்டு பெயரிலும் காடு இல்லை.

பெயரில் நேர்ந்த பிழையோடு நின்றிருந்தால் இதை ஒரு சுவையான செய்தியாகப் படித்துவிட்டு மறந்துவிடலாம். அதே பிழையை நாம் நிலத்தின் மேலும் செய்தோம். மலை என்றால் அதில் மரம் நிறைந்திருக்க வேண்டும், மரமில்லாத சரிவு வீணாய்க் கிடக்கும் தரிசு என்ற நம்பிக்கையில், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் வெளிநாட்டு மரங்களை நட்டோம். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு இன்று அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் இருப்பதற்குத் துப்பாக்கி ஒரு காரணம். ஆனால் துப்பாக்கி பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது, மரக்கன்றின் வேலை இன்னும் ஓயவில்லை. வரையாட்டைக் காப்பது என்பது முதன்மையாகப் புல்லைக் காப்பது. இதை ஏற்றுக்கொள்வது நமக்கு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் விலங்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். குட்டையான, முரட்டு மயிர் போர்த்த, திரண்ட உடம்பு. பெண் ஆடு சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் ஐம்பது கிலோ அளவுக்கு இருக்கும். கிடா அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வயதேற ஏறக் கிடாவின் உடல் கறுத்துக்கொண்டே போய், முதுகில் மட்டும் வெள்ளி நிறத்தில் ஒரு சேணம் போட்டதுபோல் மயிர் வெளுக்கும். தாடி கிடையாது. கொம்பு இரு பாலுக்கும் உண்டு, பின்னோக்கி வளைந்து இறங்கும். பாறையில் மண்டியிட்டு மண்டியிட்டு முன்னங்கால் முட்டியில் காய்த்துப்போன திட்டு ஒன்று தெரியும். குளம்பைத் திருப்பிப் பார்த்தால் அதன் வாழ்க்கை முழுவதும் அதில் எழுதியிருக்கும். ஓரம் கெட்டியான விளிம்பு, நடுவில் இறுகாத மெத்தை. விளிம்பு விரல் அகலப் பாறை முனையைப் பற்றும், மெத்தை ஈரப்பாறையில் வழுக்காமல் ஒட்டும். இந்தக் குளம்பு மரத்தடிச் சேற்றுக்கும் சருகுக்கும் ஆனதல்ல. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் கிடாக்கள் மந்தையோடு சேர்கின்றன. ஆறு மாதச் சினைக்குப் பின் ஜனவரி, பிப்ரவரியில் குட்டிகள் பிறக்கின்றன. பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அதிலும் பல முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. இழந்ததை விரைந்து ஈடுகட்டிக்கொள்ளும் விலங்கல்ல இது.

வரையாட்டுக்கு இரண்டு பொருள் ஒரே இடத்தில் வேண்டும்: மேய்வதற்குப் புல், ஓடி ஒளிவதற்குப் பாறைச் செங்குத்து. காலையும் மாலையும் புல்வெளியில் மேயும் மந்தை, உச்சி வெயிலிலும் இரவிலும் பாறை விளிம்புகளுக்குப் போய்விடும். குட்டி ஈனுவதும் அங்கேதான். சிறுத்தையோ செந்நாய்க் கூட்டமோ வந்தால் அதற்கு இருக்கும் ஒரே ஆயுதம் தூரத்திலேயே பார்த்துவிடுவது. பார்த்த அடுத்த நொடி, துரத்தி வருகிற விலங்கு கால் வைக்கத் தயங்கும் பாறையில் அது நிற்கும். ஆகவே திறந்த வெளி அதற்கு உணவு மட்டுமல்ல, காவலும் கூட. இப்படிப்பட்ட வெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. மலையின் மடிப்புகளில், நீர் கசியும் பள்ளங்களில் குட்டையாய் நெருங்கி வளர்ந்த சோலைக் காடு. அதைச் சுற்றி முகடுகளிலும் சரிவுகளிலும் இடுப்பளவுக்குப் புல். சோலை முடியும் இடமும் புல் தொடங்கும் இடமும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். சோலை மரத்தின் நாற்று உறைபனியைத் தாங்காது, நெருப்பையும் தாங்காது. புல்லுக்கு இரண்டுமே பழக்கம். தை மாதக் குளிரில் கருகும், மழை விழுந்தால் துளிர்க்கும். சோலையைத் தனியாகவும் புல்லைத் தனியாகவும் பிரித்துப் பேசுவது நம் வசதிக்குத்தான். மலைக்கு அவை இரண்டும் ஒரே உடம்பு.

துப்பாக்கியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டக்காரர்களும் ராணுவ அதிகாரிகளும் முதுகு வெளுத்த கிடாவைச் சுட்டு அதன் தலையைச் சுவரில் மாட்டுவதைப் பெரிய கௌரவமாக நினைத்தார்கள். நீலகிரியில் சுடுவதற்கு விலங்கே மிஞ்சாது என்ற நிலை வந்தபோது, 1879இல் அந்த மாவட்டத்துக்கென்றே வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்காகவே செய்த பாதுகாப்புதான் அது, ஆனாலும் பயன் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் இயற்கையியலாளர் ஈ.ஆர்.சி. தாவீதார் 1963இல் நீலகிரி உச்சிகளில் நடந்தே வரையாடுகளை எண்ணினார். பிறகு 1975 முதல் 1978 வரை மலைத்தொடர் முழுவதும் அலைந்து, மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் இருக்கும் என்று கணக்கிட்டார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் சேர்த்தது. மூணாறுக்குப் பக்கத்தில், தேயிலைக் கம்பெனி தன் ஆட்களின் வேட்டைக்காக ஒதுக்கி வைத்திருந்த இரவிகுளம் 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. கள்ள வேட்டை இன்றும் தெற்கே சில இடங்களில் நடக்கிறது. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. இருந்தாலும் அந்தப் பகையை எப்படி எதிர்கொள்வது என்பது நமக்குத் தெரியும். சட்டம் இருக்கிறது, காவலர் இருக்கிறார், குற்றம் குற்றமாகவே தெரிகிறது.

மரம் நடுவது அப்படியல்ல, அது நற்செயலாகத் தெரிகிறது. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்தன சீகையும் கற்பூர மரமும். வாட்டில், யூகலிப்டஸ் என்று புத்தகங்கள் சொல்பவற்றுக்கு மலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்கள் இவை. விறகுத் தட்டுப்பாட்டைப் போக்க வந்தவை அவை. சுதந்திரத்துக்குப் பின் நடவு பன்மடங்கானது. சீகைப் பட்டை தோல் பதனிடும் தொழிலுக்குப் போனது, மரக்கூழ் ரேயான் ஆலைக்குப் போனது. கணக்கில் தரிசு என்று எழுதியிருந்த புல்வெளி வருமானம் தரும் காடாக மாறியது. பழனி மலையை எடுத்துக்கொண்டால், 1970களுக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் அதன் உச்சிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத் தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்பதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு காட்டியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த மற்றோர் ஆய்வு, 1973 முதல் 2017 வரை அந்நிய மரங்களால் மட்டும் சுமார் 340 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு புல்வெளி மறைந்ததைச் சொல்கிறது.

இதில் எவ்வளவு நாம் நட்டது, எவ்வளவு தானாய்ப் பரவியது என்பதில்தான் கவலையே இருக்கிறது. சீகையின் விதை மிளகைவிடச் சிறியது, கறுப்பு, மேல்தோல் கல்போல் கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். தீ படர்ந்தால் அந்தத் தோல் வெடித்து ஒரே மழையில் ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். மரத்தை வெட்டி மண்ணைக் கிளறினாலும் இதே கதைதான். ஆக, 1980களின் கடைசியில் அரசு இனி புல்வெளியில் நடுவதில்லை என்று நிறுத்திய பிறகும் சீகை நிற்கவில்லை. தோட்டத்தின் விளிம்பிலிருந்து ஓடை வழியாக, சாலை ஓரமாக, ஆண்டுக்குக் கொஞ்சம் புல்லுக்குள் ஏறிக்கொண்டே இருக்கிறது. கூடவே மஞ்சள் பூப் பூக்கும் ஸ்காட்ச் புரூம் புதரும் வருகிறது. சீகை நெருங்கி வளர்ந்த இடத்தில் குனிந்து பார்த்தால் தரையில் காய்ந்த இலைத்தூளைத் தவிர அநேகமாக ஒன்றும் இருக்காது. வெயில் படாத இடத்தில் புல் ஏது?

வரையாட்டுக்கு இதனால் மூன்று விதத்தில் அடி விழுகிறது. மேய்ச்சல் போகிறது. சிறுத்தை பதுங்கி நெருங்குவதற்கு மறைவு உண்டாகிறது. மூன்றாவதுதான் மிகவும் கொடியது: ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்குப் போகும் புல் வழி அடைபட்டுப்போகிறது. நீலகிரியிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் வரை, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நீளத்தில் அங்கங்கே சிதறிய திட்டுகளில்தான் இன்று வரையாடு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் இயற்கையாகவே வடக்கு மந்தைகளையும் தெற்கு மந்தைகளையும் பிரித்திருக்கிறது. மரபணுவிலேயே அந்தப் பிரிவு தெரிகிறது என்று ஓர் ஆய்வு 2018இல் காட்டியது. அது பல்லாயிரம் ஆண்டுகளாக நடந்த பிரிவு. தேயிலைத் தோட்டமும் அணையும் சாலையும் சீகைக் காடும் நூறு ஆண்டுக்குள் உண்டாக்கிய பிரிவு வேறு வகை. இருபது, முப்பது உருப்படிகளோடு ஒரு குன்றில் தனித்துவிட்ட மந்தை, பார்வைக்கு நலமாகவே இருக்கும். இளங்கிடா தன் முகட்டைவிட்டு வெளியேறிப் போக வழியில்லை, வெளிக்கிடா உள்ளே வர வழியில்லை. சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகுகிறது. ஒரு நோயோ ஒரு மோசமான கோடையோ வந்தால் அந்தக் குன்றில் வரையாடு முடிந்துவிடும். மறுபடி நிரப்ப அண்டை மந்தை இருக்காது. முன்பு வாழ்ந்த சோலை-புல்வெளித் திட்டுகளில் சுமார் 14 சதவீத இடங்களில் இப்படி அது ஏற்கெனவே மறைந்துவிட்டதாகத் தமிழக அரசின் திட்டக் குறிப்பே சொல்கிறது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும்: எண்ணிக்கை கூடித்தானே வருகிறது, பிறகு ஏன் இந்தக் கவலை? நியாயமான கேள்வி. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் தமிழகப் பகுதியில் 1,303, கேரளப் பகுதியில் 1,365, ஆக மொத்தம் 2,668 வரையாடுகள் என்று தெரியவந்தது. முந்தைய ஆண்டு தமிழகத்தில் 1,031தான். இரண்டு குழுக்கள் ஒரே வழியில் முன்பின்னாக நடந்து தனித்தனியே எண்ணி, ஒருவர் கண்ணுக்குத் தப்பியது எவ்வளவு என்பதை மற்றவர் கணக்கோடு ஒட்டிப் பார்க்கும் முறையும் இதில் உண்டு. முறை தேறியது, நம்பத்தகுந்தது, மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் வரையாடு ஒரே ஆண்டில் கால் பங்கு பெருகும் விலங்கு அல்ல; கூடுதலில் ஒரு பகுதி, இன்னும் நன்றாகத் தேடியதால் கண்ணில் பட்டதாகவே இருக்கும். 2015இல் இயற்கைக்கான உலகளாவிய நிதியத்தின் இந்தியப் பிரிவு வெளியிட்ட மதிப்பீடு 3,122. அதற்கும் இதற்கும் முறை வேறு என்பதால் நானூற்றைம்பதுக்கு மேல் குறைந்துவிட்டது என்றும் அலற முடியாது. தலைக்கணக்கைவிட அந்தத் தலைகள் எங்கே இருக்கின்றன என்பது முக்கியம். 2,668இல் 841 இரவிகுளத்தில் மட்டும் இருக்கின்றன. 97 சதுர கிலோமீட்டருக்குள் உலகத்து வரையாடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! அதற்கடுத்து நீலகிரியின் முக்குர்த்தி, ஆனைமலையின் அக்காமலைப் புல்மேடு என்று சில பெரிய மந்தைகள். மற்றவை எல்லாம் சிறு சிறு தீவுகள். பெரிய மந்தை நிலைத்திருக்கும் இடங்களைப் பாருங்கள்: புல்வெளி அகலமாக, மரம் ஏறாமல் மிஞ்சிய இடங்கள் அவை. கணக்கெடுப்பே புல்லுக்குச் சாட்சி சொல்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. இந்தப் புல்வெளியே மனிதன் தீ வைத்து உண்டாக்கியதுதானே, ஆதியில் எல்லாம் சோலையாகத்தானே இருந்திருக்கும், மரம் நட்டது பழையதைத் திருப்பிக் கொடுத்ததாகாதா? தாவரவியலாளர்களே நெடுநாள் இதில் பிரிந்து நின்றார்கள். பதில் நீலகிரியின் சதுப்புகளுக்கு அடியில் கிடந்தது. அங்கே செடிகொடிகள் முழுதாய் மக்காமல் அடுக்கடுக்காய்ப் படிந்து கறுத்த மண்ணாகியிருக்கின்றன. வெப்பமண்டலப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கரிமத்தை எடுத்துக்கொள்ளும் விதம் வேறுவேறு என்பதால், எந்த அடுக்கில் எது மிகுந்திருந்தது என்று அந்தக் கரிமத்தை வைத்தே சொல்லிவிடலாம். சூழலியலாளர் ஆர். சுகுமாரும் அவருடைய கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போய், தட்பவெப்பம் மாறமாறப் புல்லும் மரமும் மாறிமாறிக் கூடிக் குறைந்ததைக் காட்டியது. அந்த மலைகளில் கோடரியோடும் கால்நடையோடும் மனிதர் குடியேறுவதற்கு மிக முன்பே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது. வரையாடு என்ற விலங்கே அதற்கு இன்னொரு சான்று. திறந்த புல்வெளிக்கென்றே உடம்பெடுத்த ஒரு பேரினம் சில நூற்றாண்டுப் புல்லில் உருவாகிவிடாது.

சரி, பூமி சூடேறும் காலத்தில் நிற்கிற மரத்தை வெட்டச் சொல்வதா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் அக்கறையை மதிக்கிறேன். மரம் கரிமத்தைச் சேர்க்கிறது என்பது உண்மை. ஆனால் உச்சிப் புல்வெளியும் கரிமத்தைச் சேர்க்கிறது, பெரும்பகுதியை மண்ணுக்குள். தீ வந்தால் புல்லின் மேற்பகுதி எரியும், மண்ணுக்குள் இருப்பது பெரும்பாலும் தப்பும். சீகைக் காட்டில் தீ வந்தால் மரத்தில் சேர்ந்தது புகையாகப் போகக்கூடும். தண்ணீரை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் தெளிவு. உதகையில் உள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தினர் கிளன்மார்கனில் அடுத்தடுத்து இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டுவிட்டு, மற்றதின் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டு, ஓடையில் வரும் நீரை ஆண்டுக்கணக்காக அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடை நீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி மறுபடி தழையவிட்ட அடுத்த சுற்றில் ஏறக்குறைய 25 சதவீதம். பவானியும் அமராவதியும் வைகையும் தாமிரபரணியும் இத்தகைய உச்சிகளிலிருந்துதான் இறங்குகின்றன. ஈரோட்டு மஞ்சளுக்கும் திருநெல்வேலி நெல்லுக்கும் வரையாட்டின் புல்லோடு உள்ள உறவு கவிதைக்காகச் சொல்வதல்ல, அளந்து பார்த்தது.

இத்தனை தெரிந்தும் ஏன் மாறவில்லை என்றால், நம் கணக்குப் புத்தகமே புல்லுக்கு எதிராக எழுதப்பட்டிருக்கிறது. தேசிய வனக் கொள்கை மலைப்பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் காடாகவோ மரப்போர்வையாகவோ இருக்க வேண்டும் என்கிறது. இந்திய வன அளவை நிறுவனம் ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கிளைகளின் நிழல் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதைக் காட்டுப் பரப்பில் சேர்த்துவிடும். எந்த மரம், யார் நட்டது என்ற கேள்வி அதில் இல்லை. ஆக, முக்குர்த்தியின் ஒரு சரிவில் சீகை ஏறினால் காட்டுப் பரப்பு கூடியது என்று அறிக்கை வரும். அதை அகற்றிப் புல்லை மீட்டால் காடு குறைந்தது என்று வரும். நேர்மையாக வேலை செய்யும் ஒரு வன அலுவலருக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் என்ன வேண்டும்? பள்ளிக்கூடம் தொடங்கி அரசு விழா வரை சூழல் அக்கறை என்றால் மரக்கன்று நடுவது என்றே பழகிவிட்டோம். சமவெளிக்கு அது பொருந்தலாம், இரண்டாயிரம் மீட்டர் உயரத்துப் புல்வெளிக்குப் பொருந்தாது.

இதற்கெல்லாம் தீர்வு கோடரியை எடுத்துக்கொண்டு எல்லாச் சீகையையும் ஒரே மூச்சில் வெட்டுவது என்றும் நான் சொல்லவில்லை. மலை ஊர்களில் பல ஏழை வீடுகளில் அடுப்பெரிவது இந்தச் சீகை விறகில்தான். அதைப் பிடுங்கிக்கொண்டால் கை அடுத்துச் சோலைக்குள் போகும். பழைய தோட்டங்கள் சிலவற்றில், வளர்ந்து முதிர்ந்த மரங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழுந்து வருவதைக் கொடைக்கானல் பகுதி ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அங்கே வெட்டினால் இளஞ்சோலையும் சேர்ந்து போகும், மண் கிளறப்பட்டுச் சீகை விதைதான் மறுபடி முளைக்கும். அவசரம் வேறு இடத்தில்: புல்வெளிக்குள் இப்போதுதான் கால் வைத்திருக்கும், இன்னும் கையால் பிடுங்கக்கூடிய உயரத்தில் உள்ள இளஞ்சீகை. அங்கே இன்று ஒரு நாள் செய்யும் வேலை, பத்தாண்டு கழித்து ஒரு மாதம் எடுக்கும். வெட்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், விதைக்கிடங்கு வற்றும்வரை புதிய முளைகளைப் பிடுங்க வேண்டும். பக்கத்துப் புல்வெளியிலிருந்து புல் வேரைப் பிரித்து நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும். தீயிலும் இதே நிதானம் வேண்டும். இரவிகுளத்தில் முதுவர் சமூகத்தினர், குளிர்காலம் முடியுமுன் புல் முழுதாய்க் காயாத நேரம் பார்த்து, ஒரு சிறு துண்டு விட்டு ஒரு துண்டாக எரித்துவிடுவார்கள். கோடைப் பெருந்தீ தாண்டாமல் இருக்கும், ஆட்டுக்கு இளந்தளிரும் கிடைக்கும். தீயே கூடாது என்ற தடையும், கண்டபடி வைக்கும் தீயும் இரண்டும் தவறு. எப்போது, எங்கே, எவ்வளவு என்று தெரிந்தவர்கள் மலையிலேயே இருக்கிறார்கள்.

சூடேறும் உலகம் இந்த வேலையை இன்னும் நெருக்குகிறது. கீழ்மலை விலங்கு வெப்பம் கூடினால் மேலே ஏறிக்கொள்ளும். ஆனைமுடியின் 2,695 மீட்டருக்கு மேல் தெற்கே மலையே கிடையாது. 2018இல் வந்த ஒரு கணிப்பு, வரும் பத்தாண்டுகளில் வரையாட்டுக்கு ஏற்ற நிலத்தில் சுமார் 60 சதவீதம் வரை தட்பவெப்ப மாற்றத்தால் இழக்கப்படலாம் என்றது. கணிப்பு கணிப்புதான், அப்படியே நடந்தாக வேண்டும் என்பதில்லை. உறைபனி குறைந்தால் சீகை இன்னும் மேலே ஏறும் என்பதற்குக் கணிப்பு கூடத் தேவையில்லை. முகடுகளுக்கு நடுவே புல் வழி திறந்திருக்கும் மந்தைக்கு இடம் மாற ஒரு வாய்ப்பாவது உண்டு. அடைபட்ட மந்தைக்கு அதுவும் இல்லை.

சுற்றுலாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகளின் தடுப்புச் சுவர்களிலேயே வரையாடுகள் வந்து நிற்கும். காரை நிறுத்தி பிஸ்கட் நீட்டுபவர்கள் அதன்மேல் அன்பினால்தான் நீட்டுகிறார்கள். தூரத்தில் பார்த்ததும் பாறைக்கு ஓட வேண்டும் என்ற அச்சம்தான் அந்த விலங்கின் உயிர். பிஸ்கட் அந்த அச்சத்தைக் கரைக்கிறது. இரவிகுளத்தின் ராஜமலையிலும் ஆடுகள் மனிதர்களுக்குப் பழகியவைதான். ஆனால் குட்டி ஈனும் மாதங்களில் அங்கே வாசலை மூடிவிடுகிறார்கள், பார்வையாளர்கள் குறிப்பிட்ட பாதையைவிட்டு இறங்க முடியாது. அந்த ஒழுங்கு தமிழகச் சாலைகளிலும் வர வேண்டும்.

2022 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்து, 2023 அக்டோபரில் தொடங்கிவைத்த வரையாடு பாதுகாப்புத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு 25.14 கோடி ரூபாய் ஒதுக்கீடு. தனியாக ஒரு குளம்பு விலங்குக்கு ஒரு மாநிலம் இப்படித் திட்டம் போட்டது பாராட்டுக்குரியது. தாவீதார் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினமாகவும் ஆகியிருக்கிறது. கணக்கெடுப்பு, கழுத்துப் பட்டையில் ரேடியோ கருவி பொருத்தி நடமாட்டத்தை அறிவது, தோலில் கட்டிகள் வந்த ஆடுகளுக்கு மருத்துவம், மறைந்துபோன குன்றுகளில் மறுபடி கொண்டுபோய் விடுவது, நீலகிரியின் மேல்பவானியில் முன்னோடியாகப் புல்வெளி மீட்பு என்று பட்டியல் சரியாகவே இருக்கிறது. என் கவலை வரிசையைப் பற்றியது. கணக்கெடுப்புக்கு ஆண்டுதோறும் ஓர் எண் கிடைக்கிறது, செய்தியாகிறது. புல்வெளி மீட்புக்கு அப்படி எண் கிடையாது, ஒரு திட்டக் காலத்துக்குள் அது முடியவும் முடியாது. புல் திரும்பாத குன்றில் ஆட்டைக் கொண்டுபோய் விட்டால் அது முன்பு ஏன் மறைந்ததோ அதே காரணத்தால் மறுபடியும் மறையும். ஆகவே ஒவ்வோர் ஏப்ரல் கணக்கெடுப்போடும், எத்தனை ஆடு என்பதற்குப் பக்கத்திலேயே எத்தனை ஹெக்டேர் புல் திரும்பியது, எந்த முகட்டுக்கும் எந்த முகட்டுக்கும் இடையே வழி திறந்தது என்ற இரண்டு எண்களையும் அரசு வெளியிட வேண்டும். மேல்பவானியில் மீட்டெடுத்த சரிவில் அடுத்த மழைக்குப் பின் முளைக்கும் சீகைக் கன்றுகளைப் பிடுங்க ஆள் இருக்கிறதா, அதற்கு அடுத்த மழைக்கும் இருக்குமா என்பதைத் திட்டம் முடியும் 2027க்கு அப்பாலும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.